திண்ணைச் சிந்தனை: பயிற்சியாளரை நீக்கிய பின்

தோற்ற குழுவின் பயிற்சியாளரை நீக்குவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் காரியம். நீக்கிய பிறகு அக்குழுவை மீண்டும் எழுப்பி நிறுத்துவதே பெரும்பாடு. அதைப் பற்றி இம்மாதம் எழுத ஒரு காரணம் உண்டு. நம் வடகரப்பதிப் பக்கத்தில் பிள்ளைகள் ஆடும் கால்பந்துக் குழு ஒன்றின் பயிற்சியாளரை, பெற்றோர் சிலர் கூடிப் பேசி விலக்கினோம். அன்று கை தூக்கியவர்களுள் நானும் ஒருவன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் பெரிய குழுக்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

எல்லையோரத்தில் வாழும் நமக்குக் கால்பந்தில் இரண்டு தாய்வீடுகள். ஒரே வீட்டில் அண்ணன் கொச்சியின் மஞ்சள் சட்டையை அணிவான். தம்பி சென்னையின் நீலச் சட்டையை அணிவான். இவ்விரு குழுக்களும் நடுப்பருவத்தில் பயிற்சியாளரை இழந்து தடுமாறியவையே. எழுந்த விதம் மட்டும் வேறு வேறு.

கொச்சியின் கேரள பிளாஸ்டர்ஸ் குழுவை 2021 முதல் 2024 வரை நடத்தியவர் செர்பியரான இவான் வுக்கோமனோவிச். மூன்று பருவங்களிலும் அவர் குழுவை அடுத்த சுற்றுக்குக் கொண்டு சென்றார். 2022-இல் இறுதிப் பந்தயத்திலும் ஆட வைத்தார். அவர் சென்றபின் சுவீடன் நாட்டவரான மிக்கேல் ஸ்டாரே வந்தார். 2024-25 பருவத்தில் முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் வெற்றி மூன்று, சமம் இரண்டு, தோல்வி ஏழு. புள்ளிகள் பதினொன்றே. 2024 டிசம்பர் 16-ஆம் நாள் அவர் நீக்கப்பட்டார்.

எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களுக்கும் பொறுப்பேற்றவர், துணைப் பயிற்சியாளராக அங்கேயே இருந்த டி. ஜி. புருஷோத்தமன். மலையாளி; முன்னாள் கோல் காப்பாளர். போலந்து நாட்டவர் ஒருவரும் அவருக்குத் துணை நின்றார். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு வெற்றி ஐந்து, சமம் மூன்று, தோல்வி நான்கு எனக் கணக்கு மாறியது. புள்ளிகள் பதினெட்டு.

இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது? பயணச்சீட்டுக் கணக்கும் சரக்குக் கணக்கும் பார்த்துப் பழகிய புத்தி எனக்கு. வரவையும் செலவையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தேன். முதல் பன்னிரண்டில் இக்குழு போட்ட கோல்கள் பத்தொன்பது. வாங்கியவை இருபத்து நான்கு. பின் பன்னிரண்டில் போட்டவை பதினான்கு, வாங்கியவை பதின்மூன்று. கோல் போடுவது குறைந்தே போயிற்று, அன்பர்களே! ஆயினும் புள்ளிகள் ஏறின. ஓட்டைக் குடத்தில் மேலும் மேலும் நீர் ஊற்றுவதை விடுத்து, முதலில் ஓட்டையை அடைத்தார்கள். 2025 சனவரி 5-ஆம் நாள் டில்லியில் பஞ்சாப் குழுவுக்கு எதிரே இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேராக நின்றபோதும், ஒரே கோலைக் காத்து வென்றார்கள். முன்னர் வாரி வழங்கிய குழுவா இது என்று வியக்கத் தோன்றியது.

இதைக் கொண்டு எல்லாம் நலமாய் முடிந்தது என்று எண்ண வேண்டா. பருவ முடிவில் இருபத்தொன்பது புள்ளிகளுடன் எட்டாம் இடமே கிட்டியது. முதல் ஆறு இடத்தார்க்கே அடுத்த சுற்று. இழந்த பாதிப் பருவத்தை யாராலும் மீட்க இயலவில்லை. 2025 மார்ச்சில் ஸ்பெயின் நாட்டவரான டேவிட் கட்டாலா தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார்.

இனிச் சென்னைக்கு வருவோம். சென்னையின் எப்.சி. குழுவுக்கு 2017-18 பருவத்தில் கோப்பை வாங்கித் தந்தவர் இங்கிலாந்து நாட்டவரான ஜான் கிரிகரி. அடுத்த பருவத்தில் அதே குழு கடைசி இடத்துக்கு இறங்கியது. 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள் என்ற நிலையில், 2019 நவம்பர் இறுதியில், இரு தரப்பாரும் இணங்கி அவர் விலகினார். ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் காயில் டிசம்பரில் வந்தார். கொச்சிக்கு நோய் பின்களத்தில், சென்னைக்கோ முன்களத்தில். ஆதலின் காயில் தாக்கி ஆடுவதற்கு வழி திறந்தார். லித்துவேனியரான வால்ஸ்கிஸ் பதினைந்து கோல்கள் அடித்து அப்பருவத்தின் தங்கக் காலணியைப் பெற்றார். எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களில் இருபத்து நான்கு புள்ளிகள் சேர்ந்தன. நான்காம் இடம் கிட்டியது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலுமாகச் சேர்த்து ஆறுக்கு ஐந்து என வென்றார்கள். பெருந்தொற்று அச்சத்தால் 2020 மார்ச் 14-இல் ஆளற்ற அரங்கில் நடந்த இறுதிப் பந்தயத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவிடம் ஒன்றுக்கு மூன்று எனத் தோற்றார்கள்.

கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த பருவத்தில் காயிலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குச் சென்றனர். சென்னை எட்டாம் இடத்துக்குச் சரிந்தது. ஓரிருவர் தோளில் ஏற்றி வைத்த பாரம், அவர்கள் நகர்ந்ததும் கீழே விழுந்தது.

“பயிற்சியாளரை மாற்றியதும் கோப்பை வென்றவர்கள் இல்லையா?” என்று சிலர் கேட்கலாம். உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தில் கிளீவ்லாந்து குழு, முப்பது வெற்றி பதினொரு தோல்வி என்று முன்னணியில் இருக்கும்போதே, 2016 சனவரியில் டேவிட் பிளாட் என்பவரை நீக்கியது. துணைவராக இருந்த டைரன் லூ பொறுப்பேற்றார். சூன் மாத இறுதித் தொடரில் ஒன்றுக்கு மூன்று எனப் பின்தங்கியிருந்தும், அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டம் பெற்றார்கள். ஆனால், அங்கே லெப்ரான் ஜேம்ஸ் போன்ற மாபெரும் ஆட்டக்காரர் இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. புதியவர் வந்ததால் நெல் விளைந்தது என்பார்கள். நிலம் முன்னமே பண்பட்டிருந்ததை எவரும் பேசுவதில்லை.

நிற்க. நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் ஐந்து பந்தயங்கள் ஆடி நான்கில் தோற்றார்கள். பயிற்சி தந்தவர் ஊதியம் வாங்காதவர். தென்னந்தோப்பு வேலை முடித்து, மாலையில் சைக்கிளில் வந்து, அறுவடையான வயலில் பிள்ளைகளை ஓட விடுவார். ஆறு ஆண்டுகள் இப்படி வந்தார். நான்காம் தோல்வியின் மறுநாள் நாங்கள் கூடினோம். “காலத்துக்கேற்ற ஆள் வேண்டும்” என்றார் ஒருவர். எல்லாரும் கை தூக்கினோம். அரை மணிக்குள் முடிந்தது.

அவர் மறுசொல் பேசாமல் பந்துகளையும் ஒரு பழைய நோட்டையும் ஒப்படைத்துச் சென்றார். பந்துகளை எண்ணி வாங்கினோம். நோட்டை யாரும் திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நான்தான் பிரித்துப் பார்த்தேன். அது வருகைப் பதிவேடு. நாள்தோறும் வந்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே கோடு, வராதவர்க்குச் சுழி. பந்தயங்களுக்கு முந்திய மாதத்தில் பயிற்சி நடந்தது இருபத்தாறு நாள். என் மகன் பெயருக்கு நேரே ஒன்பது கோடுகளே இருந்தன. எஞ்சிய நாள்களில் அவனைத் தனிப்பாட வகுப்புக்கு அனுப்பியவன் நான். கை தூக்கிய மற்றவர்களின் பிள்ளைகளுடைய கணக்கும் ஏறத்தாழ அதுவே. தோற்ற நான்கிலும் கடைசிப் பத்து நிமிடங்களில்தான் கோல்கள் விழுந்தன. மூச்சு இல்லாத பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள்? ஓட்டை எங்கே இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். “அண்ணா, தவறு எங்களுடையது, திரும்பி வர வேண்டும்” என்றேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார். “தம்பி, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர். நோட்டைப் பார்த்துவிட்டுக் கை தூக்கியிருக்கலாம்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்குக் கூடுதலாகவே சுட்டது. திரும்பி வர அவர் இசையவில்லை. தம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவனைச் சொல்லி, “அவனுக்குப் பிள்ளைகளின் கால் தெரியும்; அவனை வையுங்கள்” என்றார்.

இப்போது அவ்விளைஞனே பயிற்சி தருகிறான். அடுத்த பந்தயத்தில் வெல்வோமா என்று நான் கேட்கவில்லை. நோட்டில் கோடுகள் கூடுகின்றனவா என்று மட்டும் பார்க்கிறேன். என் மகனின் தனிப்பாடம் காலைக்கு மாறிவிட்டது.

அன்பர்களே, கொச்சியிலும் சென்னையிலும் பயிற்சியாளரை மாற்றப் பணமுள்ள முதலாளிகள் உண்டு. புதியவரை எந்நாட்டிலிருந்தும் அழைத்துக்கொள்வார்கள். பிழைப்புத் தேடி வந்து இங்கே வேர்விட்ட நமக்கு, மாலையில் ஒரு மணி நேரத்தைப் பிறர் பிள்ளைகளுக்காகக் கொடுப்பவர் ஊருக்கு ஒருவர் கிடைப்பதே அரிது. அவரை விலக்கக் கை தூக்குமுன் அவருடைய நோட்டை வாங்கிப் படியுங்கள். அதில் முதலில் உங்கள் பிள்ளையின் பெயரைத் தேடுங்கள்.