மண் கெட்டதா, கெடுத்தார்களா?

அமெரிக்காவில் எந்த நிறுவனத்தையும் சாராமல் எழுதிவரும் பத்திரிகையாளர் கிறிஸ்டின் ஓல்சன். அவர் 2014இல் வெளியிட்ட ‘தி சாயில் வில் சேவ் அஸ்’ நூலை அறிமுகப்படுத்திப் பேசும் உரையொன்றை, தில்லியில் எங்கள் ஆய்வாளர் குழுவில் நண்பர் ஒருவர் பகிர்ந்திருந்தார். அதற்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: இதைப் பஞ்சாப் விவசாயிகள் கேட்டால் வைக்கோலைக் கொளுத்த மாட்டார்கள். இப்பதிவு ஓல்சனுக்கு எதிரானது அன்று. அந்த வரிக்கு எதிரானது.

நூல் நல்ல நூல்தான். உழவற்ற சாகுபடி, மூடுபயிர், வேருக்கும் நுண்ணுயிருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றை எளிய வாசகருக்கு அவர் விளக்கும் விதம் பாராட்டுக்குரியது. (ஆலன் சேவரியின் மேய்ச்சல் முறை பற்றிய பெரும் உரிமைகோரல்களை அறிவியலாளர் பலர் ஏற்பதில்லை, அந்த வழக்குக்குள் இன்று நான் நுழையவில்லை.) மாதச் சம்பளமின்றி எழுதி வாழ்பவர் தம் நூலுக்குக் கவர்ச்சியான தலைப்பு வைப்பதிலும் குற்றமில்லை.

ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். மொழியியல் படித்த பழக்கதோஷம், என்னால் கவனிக்காதிருக்க முடியவில்லை. எழுவாய் மண், செயப்படுபொருள் நாம். விலையும் சட்டமும் கொள்முதலும் அந்த வாக்கியத்தில் நிற்க இடமே இல்லை. தமிழில் ‘கெடு’ என்னும் ஒரே வினையடி இரு வழியாக நடக்கும். ‘மண் கெட்டது’ என்பது தன்வினை. கேட்டவர் பெருமூச்சு விட்டு நகர்ந்துவிடலாம். ‘மண்ணைக் கெடுத்தார்கள்’ என்பது பிறவினை. யார் என்ற வினா உடனே எழும். என் நண்பர் அவ்வினாவுக்கு அவசரமாக ஒரு விடை வைத்திருக்கிறார்: விவசாயி.

அந்த விவசாயியின் நாட்காட்டியை அவர் பார்த்ததுண்டா? நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் அரசு இயற்றிய சட்டம், ஜூனில் குறித்த தேதிக்கு முன் நெல் நடவு செய்வதைத் தடுக்கிறது. நோக்கம் சரியானது. ஆயின் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கோதுமையோ நவம்பரில் விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பவை இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரம் நிலத்தில் விட்டுச்செல்லும் தாளை அதற்குள் அகற்றக் கூலியாள் வேண்டும், அல்லது வாடகை இயந்திரம் வேண்டும், தீக்குச்சி மலிவு. நெல் அங்கே தானாக வந்து வேரூன்றவும் இல்லை. அரசு உறுதியளித்த கொள்முதலும் இலவச மின்சாரமும் கொண்டுவந்த பயிர் அது.

உரக்கதையும் வேறன்று. 2010இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்குச் சத்தின் அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். 45 கிலோ மூட்டை இன்றும் ஏறத்தாழ 250 ரூபாய். மற்ற உரங்கள் பன்மடங்கு விலை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டை, பன்னிரண்டு அளவீடுகளை அச்சிட்டு உழவர் கையில் கொடுத்தது. அட்டை ஒன்று சொல்கிறது, உரக்கடையின் விலைப்பட்டியல் வேறொன்று சொல்கிறது. எதைக் கேட்பார்?

ஓல்சனின் நாயகர்களுள் ஒருவரான கேப் பிரவுன், வடக்கு டகோட்டாவில் சொந்தமும் குத்தகையுமாகச் சுமார் 5,000 ஏக்கரில் சோதனை செய்தவர். 2015-16 கணக்கெடுப்பின்படி இந்திய உழவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர். ஒரு பருவம் பொய்த்தால் பிரவுனுக்கு அது பாடம், இவருக்குக் கடன்.

இன்னொரு செய்தி. அதே நூலில் இடம்பெறும் மண்ணியல் அறிஞர் ரத்தன் லால், லூதியானாவின் வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2020இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். மண்ணில் கரிமத்தைச் சேர்க்கும் உழவருக்கு அச்சேவைக்கான பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வலியுறுத்திவருகிறார். பஞ்சாபுக்கு அறிவுரை அனுப்பத் துடிக்கும் நண்பர் அதை ஏன் பகிரவில்லை? நூல் என் அறையில்தான் இருக்கிறது. வந்து வாங்கிச் செல்லட்டும்.