முதல் ஆண்டுத் தேன் யாருக்கு?

'தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. தேனீ வளர்ப்பில் புதிதாய்ப் புகுவோர் இப்பழமொழியை ஓராண்டுக் காலம் மறந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் ஆண்டுத் தேன் முழுவதும் தேனீக்களுக்கே உரியது. அதில் நமக்குப் பங்கில்லை.

இராயபுரத்து மொட்டை மாடியிலோ திருவொற்றியூரில் ஒரு வேப்பமரத்து நிழலிலோ பெட்டி ஒன்று வைத்தால் மூன்று மாதத்தில் தேன் வடியும் என்று நண்பர் சிலர் எண்ணுகின்றனர். புதிய குடும்பம் ஒன்று பெட்டிக்கு வந்ததும் அதற்குள்ள வேலைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மெழுகு சுரந்து அடை கட்ட வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு அதைப்போல் பல மடங்கு தேனைத் தேனீக்கள் உண்டாக வேண்டும். இராணி இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களை ஊட்டி வளர்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில், வெளியே பறக்க இயலாத நாட்களுக்கும் உணவு சேர்க்க வேண்டும். அடையில் நாம் காணும் தேன் குடும்பத்தின் குதிரில் உள்ள நெல். அதை அள்ளிக்கொண்டு சர்க்கரைப் பாகை வைப்பது, விதைநெல்லை விற்றுவிட்டுக் கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆட்டையும் மாட்டையும் கயிற்றால் கட்டலாம். தேனீயைக் கட்ட முடியாது. நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, பசியோ எறும்புத் தொல்லையோ மிகுந்தால் கூட்டைத் துறந்து போய்விடும். இராணி வெளியேறாதபடி வாயிலில் பொருத்தும் தடுப்பும் முதற் சில நாட்களுக்குத்தான் உதவும். அதன் பின் நம் கவனிப்பே அதனை நிறுத்தி வைக்கும். பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுப்பது, பூ குறைந்த காலத்தில் மாலை வேளையில் பாகு வைப்பது, வாரம் ஒரு முறை திறந்து புதிய முட்டைகள் உள்ளனவா என்று பார்ப்பது, பழைய அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகாமல் காப்பது, கொசுப்புகை அடிக்கும் நேரத்தில் வாயிலைக் கம்பிவலையால் மூடி வைப்பது ஆகிய இவையே முதல் ஆண்டுப் பாடங்கள். தேனில் கண் வைத்தவனுக்கு இவற்றில் கண் செல்லாது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1911 முதல் 1917 வரை அருட்தந்தை நியூட்டன், நம் தேனீயின் அளவுக்கேற்ற பெட்டி ஒன்றை அமைத்துச் சிற்றூர் மக்களைப் பயிற்றுவித்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிலையத்தின் வாயிலாக இத்தொழில் வேரூன்றியது. ஆயினும் 1990களின் தொடக்கத்தில் வைரசால் வரும் பை நோய் பரவியபோது, தென்னிந்தியாவில் பெருந்தொகையான குடும்பங்கள் அழிந்தன. புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஆகி மடியும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. அடையை நாள்தோறும் படித்துப் பழகிய கண்ணே அதை முதலில் கண்டுகொள்ளும்.

நம் பகுதிக்கு இப்பாடம் மேலும் பொருந்தும். பெட்டி நம்முடையது; ஆனால் மேய்ச்சல் நிலம் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஊர். அங்கே வேம்பும் புங்கமும் முருங்கையும் தென்னையும் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் உண்டு. கொள்கலன் லாரிகளின் புகையும் உண்டு. டீசல் புகை பூவின் மணத்தை மாற்றிவிடுவதால் தேனீ அப்பூவை அடையாளம் காணத் தடுமாறுகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்ததையும், அதே மாதத்தில் அமோனியாக் கசிவால் எண்ணூர் மக்கள் இரவில் வீடுகளை விட்டு ஓடியதையும் நாம் மறந்திருக்க முடியாது. பூவும் நல்ல நீரும் எங்கெங்கே உள்ளன என்று அறியாமல் பெட்டியை இறக்குவது, உலை வைக்க அரிசி இல்லாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போன்றதாகும்.

"வருமானம் இல்லாமல் ஓராண்டு காத்திருக்க ஏழை மாணவனால் ஆகுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறைமுகத்திலும் ஆலையிலும் அன்றாடக் கூலிக்கு உழைப்போரின் பிள்ளைகள் நம்மில் பலர். ஆகவேதான் இதைத் தனியொருவர் தலையில் சுமத்தாமல் கல்லூரியே தொடங்க வேண்டும் என்கிறேன். விலங்கியல், தாவரவியல் துறையினரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் கூடி, முதலில் புங்கமும் முருங்கையும் நடட்டும். அடுத்து, நடமாட்டமில்லாத மூலையில் இரண்டே பெட்டிகள் வைக்கட்டும். என்ன பூத்தது, எத்தனை சட்டங்களில் அடை வளர்ந்தது, எங்கே நீர் குடித்தன என்று ஒரு குறிப்பேட்டில் வாரந்தோறும் எழுதட்டும். இரண்டாம் ஆண்டில் குடும்பம் பெருகி மேலறை நிரம்பினால், கீழறையைத் தொடாமல், அடையைப் பிழிந்து புழுக்களைக் கொல்லாமல், கருவியால் சுழற்றித் தேன் எடுக்கலாம்.

அப்போது புறங்கையை நக்குவதில் தவறில்லை. அதற்குள் தேனைவிட அருமையான ஒன்று நம் கையில் இருக்கும். நாம் பிறந்து வளர்ந்த இந்தப் பகுதியில் எந்த மாதம் எந்த மரம் பூக்கிறது, எந்த நீர் கெட்டுக் கிடக்கிறது என்று எழுதப்பட்ட ஓராண்டுக் குறிப்பேடு அது. பெட்டி வாங்கப் பணம் திரட்டுமுன் அக்குறிப்பேட்டை இன்றே தொடங்குவோம், நண்பர்களே!