17 முறை நின்ற ஏலமும் நீக்கப்பட்ட பாடமும்

மத்திய அரசின் என்சிஇஆர்டி வெளியிடும் பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் ‘மக்கள் இயக்கங்களின் எழுச்சி’ என்ற பாடம் இப்போது இல்லை. கரோனாவுக்குப் பிந்தைய பாடச்சுமைக் குறைப்பு என்று சொல்லி 2022இல் என்சிஇஆர்டி அதை நீக்கியது. 2023இல் அச்சான பதிப்பு அது இல்லாமலே மாணவர் கைக்கு வந்தது. சிப்கோ, தலித் பேந்தர்ஸ், விவசாயிகள் சங்கம் ஆகியவற்றோடு ஆந்திரப் பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டமும் போயிற்று. நூலின் தலைமை ஆலோசகர்களான சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் தங்கள் பெயரை நூலிலிருந்து எடுத்துவிடச் சொன்னது பெரும் செய்தியானது. பெண்களின் பாடம் போனதற்கு அந்த அளவுக்குக் கூட யாரும் வருந்தவில்லை.

அந்தப் பாடம் சொல்லும் கதை இது. நெல்லூர் மாவட்டம், தூபகுண்டா கிராமம், 1990களின் தொடக்கம். எழுத்தறிவு வகுப்பில் பெண்கள் கூடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் இடைவெளியில், வீட்டு ஆண்களின் கூலி சாராயக் கடைக்குப் போவது பேச்சாகிறது. பேச்சு முற்றி, திரண்டு போய்க் கடையை மூட வைக்கிறார்கள். செய்தி பரவி, சுமார் 5,000 கிராமங்களின் பெண்கள் மதுவிலக்கு கோரித் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பினார்கள். தூபகுண்டாவின் கதையே எழுத்தறிவு நூலில் ஒரு பாடமாகி, பல ஊர்களில் வாசிக்கப்பட்டது.

பாடத்தில் ஓர் எண் வருகிறது: 17. நெல்லூர் மாவட்டத்தில் சாராய ஏலம் 17 முறை தள்ளிவைக்கப்பட்டது. ஏலம் என்பது வெறும் சடங்கு அல்ல. விற்பனை உரிமைக்குக் குத்தகைதாரர்கள் கட்டும் பணத்தில்தான் அரசின் கஜானா நிரம்பும். அந்த இடத்தில், அப்போதுதான் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் அரசாங்கத்தை 17 முறை திருப்பி அனுப்பினார்கள். 1993இல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் முதல்வர் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார்.

பாடத்தில் குறை உண்டு. இவ்வளவு பெரிய போராட்டத்தைச் சில பத்திகளில் முடித்திருக்கிறார்கள். முன்னின்ற தூபகுண்டா ரோசம்மாவுக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கலாம். 1997இல் சந்திரபாபு நாயுடு அரசு மதுவிலக்கைத் தளர்த்தியதை விரிவாகப் பேசியிருந்தால், வென்ற போராட்டத்தைக் கருவூலம் எப்படித் தோற்கடிக்கிறது என்று மாணவர்களுக்குப் புரிந்திருக்கும். அப்படி விரித்து எழுத வேண்டிய பாடத்தைத்தான் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

நீக்கத்துக்கு என்சிஇஆர்டி வகுத்த அளவுகோல்களில் ஒன்று, ‘இன்றைய சூழலுக்குப் பொருந்தாதது’. இதைவிடப் பொய்யான வாதம் கிடையாது. 2017இல் நெடுஞ்சாலை மதுக்கடைகளை உச்ச நீதிமன்ற உத்தரவு அகற்றியபோது, அவை குடியிருப்புகளுக்குள் நுழைய முயன்றன. தமிழ்நாடெங்கும் பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் நின்ற ஒரு பெண்ணைக் காவல் துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே காணொலியில் பார்த்தது. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லட்டும், தூபகுண்டா பொருந்தாது என்று!

சுமைக் குறைப்பு என்ற சமாதானத்தையும் ஏற்பதற்கில்லை. சில பக்கங்களால் எந்த மாணவரின் முதுகும் வளைந்துவிடாது. ஆட்சியாளர்களுக்குத்தான் இந்தப் பாடம் சுமை. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்ன செய்வாள் என்பதற்கு இதில் சாட்சி இருக்கிறது. நெல்லூர்ப் போராட்டம் நடந்த அதே ஆண்டுகளில், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது; நெல்லூரில் எழுத்தறிவு சாராயக் கடையை மூடியது. படிப்பு என்றால் தேர்வு, வேலை, சம்பளம் மட்டுமே என்று நம்பும் தலைமுறை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் ஆபத்தானவை. போராட்டத்தைப் படிக்காத பிள்ளைகள் நாளை மனுக் கொடுப்பார்கள், மறிக்க மாட்டார்கள். பாடம் நீக்கப்பட்டதன் நோக்கமே அதுதான்.

டெல்லியை மட்டும் குறை சொல்லித் தமிழ்நாடு தப்பிக்க முடியாது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்தும் மாநிலம் இது. நமக்கென்று தனிப் பாடத்திட்டம் இருக்கிறது. மத்திய அரசு வெட்டியதை இங்கே சேர்க்க யார் அனுமதியும் வேண்டாம். தமிழ்நாட்டின் பிளஸ் டூ அரசியல் அறிவியல் நூலில் நெல்லூர்ப் பெண்களின் போராட்டம், 17 முறை தள்ளிப்போன ஏலத்தோடு, ரோசம்மாவின் பெயரோடு, முழுப் பாடமாக இடம்பெற வேண்டும். பள்ளிக் கல்வித் துறை இதைச் செய்ய மறுத்தால், பாடத்தை நீக்கியவர்களைக் கண்டிக்கும் தகுதி நமக்கு இல்லை.