வடலிகளை எண்ணாத திட்டங்கள்

கார்த்திகையை மரநடுகை மாதமாக வடக்கு மாகாண சபை அறிவித்தது நல்ல முடிவு. அந்த மாதத்து மழையில் ஊன்றும் கன்றுதான் இங்கே வேர் பிடிக்கும். ஆனால் மன்னார்த் தீவில் அது மட்டும் போதாது. ஆடும் மாடும் கழுதையும் கட்டாக்காலியாகத் திரியும் மணல் தீவு இது. தை கழிந்தால் மழை ஓய்ந்துவிடும். அடுத்த பெருமழைக்கு ஐப்பசிவரை பொறுத்திருக்க வேண்டும். வேலியும் தண்ணீரும் இல்லாத கன்று அந்த இடைவெளியைத் தாண்டுவது அரிது. வடலி என்ற இளம் பனை தாண்டிவிடுகிறது. விழுந்த பழத்திலிருந்து தானாக முளைத்து, கருக்கு மட்டையையே காவலாக வைத்துக்கொண்டு அது நிற்கிறது. மரத்தோடு சேர்ந்த வேளாண்மையைப் பற்றி மன்னாரில் பேசுவதென்றால் வடலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேசாலையையும் தலைமன்னாரையும் சூழ்ந்த பனங்கூடல்களை வெளியிலிருந்து வருபவர்கள் சும்மா கிடக்கும் காணி என்றே பார்க்கிறார்கள். தை, மாசியில் அங்கே பாளை சீவத் தொடங்குவார்கள். கள்ளும் கருப்பணியும் இறங்கும். பின்னால் நுங்கு வரும். ஆடி, ஆவணியில் பழமும் பனாட்டும். பொறுக்கிய விதையைப் பாத்தியில் புதைத்தால் மார்கழி, தையில் கிழங்கு. அவிக்காமல் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஓலை வேலியாகும், பெட்டியாகும், கடகமாகும். பனையின் நிழல் மெல்லியது என்பதால் கீழே புல் வளரும், ஆடு மேயும். வளவுக்குள் முருங்கையும் தென்னையும் வேம்பும் நிற்கும். வேலிக் கதியாலில் கிளுவையும் பூவரசும் குழை தரும். எந்தத் திட்ட அறிக்கையும் எழுதப்படாமல் தலைமுறைகளாக உருவான ஏற்பாடு இது.

இதன் அருமை கடல் கைவிடும் காலத்தில் தெரியும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் தென்கரையில் படகு இறக்குவது கடினம். இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்துப் போன வாரங்களும் உண்டு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கரையில் கிடந்த படகுகளை மன்னார் மறந்திருக்காது. அப்படியான நாட்களில் சீவல் தொழிலாளியின் கூலியும், ஒடியலும் ஓலைப்பின்னலும் விற்றுப் பெண்கள் எடுக்கும் காசும்தான் வீட்டு அடுப்பை எரியவைக்கின்றன.

பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்தை நம்பியிருக்கும் நெல் விவசாயிகளுக்கும் பாடம் உண்டு. 2021 இல் இரசாயன உரத்தை அரசு ஒரே அறிவிப்பில் தடைசெய்தது. அந்த ஆண்டு முடியுமுன் தடையை விலக்க வேண்டி வந்தது. பசளைக் குழை ஒரு போகத்தில் கிடைத்துவிடாது. சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இலேயே அறிவித்த நாடு, அதை வயல் வரம்புகளில் பரவலாக நட்டு வைத்திருந்தால் உரத்தட்டுப்பாட்டின் அடி கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

தானாக முளைப்பதைக் காப்பதன் பலனை உலக அனுபவமும் சொல்கிறது. ஆபிரிக்காவின் நைஜரில், மராடி, சிண்டர் பகுதிகளின் விவசாயிகள் 1980களிலிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேயர் வரண்ட நிலத்தில் மரங்களை மீட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் புதுக்கன்று நடவில்லை. வயலில் கிடந்த பழைய அடிக்கட்டைகள் விட்ட தளிர்களை வெட்டாமல் பாதுகாத்தார்கள். மரம் அரசாங்கத்தினுடையது என்ற பிடி தளர்ந்து, வளர்த்தவருக்கே பலன் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அது பெருகியது.

மன்னாரில் அந்த நம்பிக்கைதான் குறைந்துகொண்டு போகிறது. போர்க்காலத்தில் பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. இன்று காணியே கேள்விக்குறி. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியின் 30 காற்றாலைகள் தென்கரையில் நிற்கின்றன. அவற்றுக்காகப் போட்ட பாதைகள் மழைநீர் வடியும் வழிகளை மறித்துவிட்டன என்பது தீவு மக்களின் நீண்டகால முறைப்பாடு. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. ஆனாலும் வேறு காற்றாலைத் திட்டங்களும் இல்மனைற்று மணல் அகழ்வு முயற்சிகளும் மக்களை வீதிக்கு இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. காற்று மின்சாரம் நாட்டுக்குத் தேவை, அதை நான் மறுக்கவில்லை. நன்னீர் மணலுக்குள் மெல்லிய படையாக மட்டும் தேங்கும், இவ்வளவு ஒடுங்கிய தீவில் காற்றாலைகளைக் குவிப்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த மணலை அள்ளினால் கிணறும் போகும், கூடலும் போகும்.

காணி உறுதியைப் பற்றிய கவலை இதைவிடப் பழையது. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் எல்லையும் உறுதியும் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். பனை பலன் தரப் பதினைந்து ஆண்டுகள் வரை செல்லும். காணி நாளை தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் வடலியை விட்டுவைப்பார்?

பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. பிரதேச செயலகங்களோடு சேர்ந்து இவை தீவின் ஒவ்வொரு கூடலையும் வடலி உட்பட எண்ணி, எந்தக் குடும்பம் எதில் உழைக்கிறது என்று பதிவுசெய்ய வேண்டும். சுற்றாடல் மதிப்பீடு தறிக்கப்படும் மரத்தோடு அந்த உழைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தப் பதிவேடு முடியும்வரை தீவில் எந்தப் புதிய திட்டத்துக்கும் காணி ஒதுக்கக் கூடாது.