சேர்வர் ஒருவரின் தலைக்குள் இருக்கக் கூடாது

கொஞ்சம் கசக்கும், ஆனாலும் வாசியுங்கள்.

நமது பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இப்போது சேர்வர் இருக்கிறது. கடந்தகால வினாத்தாள், மாணவர் விபரம், நூலகப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். அமைத்தது யார்? "நம்மட தம்பி ஒருத்தர்." அவர் எங்கே? கட்டாரில். சேர்வர் விழுந்தால் அவருக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

2013இல் டொக்கர் வந்தது. மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பெட்டியாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த டொக்கரையே நாம் ஒவ்வொரு சேர்வரிலும் கையால் தட்டித் தட்டி நிறுவுகிறோம். ஒன்றில் உபுண்டு தரும் பதிப்பு, இன்னொன்றில் டொக்கர் நிறுவனத்தின் பதிப்பு. மூன்றாவதில் எது என்று எவருக்கும் தெரியாது.

"நெட்டில் ஸ்கிரிப்ட் இருக்கே, ஒரு வரியில் முடியும்" என்பார்கள். அந்த ஸ்கிரிப்டை முக்கியமான சேர்வர்களுக்குப் பாவிக்க வேண்டாம் என்று டொக்கரின் சொந்த ஆவணமே சொல்கிறது. பதிப்பைக் குறிப்பிடாவிட்டால் அன்றைக்கு எது புதிதோ அதைப் போட்டுவிடும். வாசிக்காத உறுதியில் கையொப்பம் வைப்போமா? வாசிக்காத ஸ்கிரிப்டை மட்டும் ரூட் அதிகாரத்தோடு ஏன் ஓட்டுகிறோம்?

இதற்கு அன்சிபிள் இருக்கிறது. இலவசம். எந்தக் களஞ்சியம், எந்தச் சாவி, எந்தப் பதிப்பு, எந்தச் சேவை தொடங்க வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதுகிறோம். சேர்வரில் எஸ்எஸ்எச்சும் பைதனும் இருந்தால் போதும். ஒன்றானாலும் பத்தானாலும் அதே கோப்பு. ஒழுங்காக எழுதிய கோப்பை மறுபடி ஓட்டினால், சரியாக இருப்பதைத் தொடாது.

இன்னொன்று. டொக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அவருக்கு ரூட் அதிகாரம் கொடுப்பதற்குச் சமம். நம் பிள்ளைகளின் விபரம் இருக்கும் வீட்டின் சாவி அது. கையால் கொடுத்தால் யாரிடம் கொடுத்தோம் என்பது இரண்டு வருடத்தில் மறந்துபோகும். கோப்பில் எழுதினால் பெயர் நிற்கும்.

"எங்களிடம் இருப்பது ஒரேயொரு சேர்வர்தானே?" அதனால்தான் சொல்கிறோம். அந்த ஒன்று செத்தால் அடுத்ததை எதைப் பார்த்துக் கட்டுவீர்கள்? தரவுக்கு பேக்கப் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சேர்வரை அமைத்த விதத்துக்கும் ஒரு பிரதி வேண்டும்.

இனி யார் சேர்வர் அமைத்துத் தந்தாலும் நிர்வாகம் கோப்பைக் கேட்க வேண்டும். அதைக் கொண்டு வேறொருவர் வெற்றுச் சேர்வரில் டொக்கரை நிறுவிக் காட்டட்டும். அதன் பிறகு நன்றி சொல்வோம், பொன்னாடையும் போர்த்துவோம்.