நியாயம் பிரேக் பிடிக்காது

தன் பக்கத்தில், மிதமான வேகத்தில், விதிப்படி போகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இரு சக்கர வண்டி ஓட்டுபவர்களிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. பறக்கிறவர்களும் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களும்தான் அடிபடுவார்கள் என்பது அதன் மறுபாதி. "இருபது வருஷமா ஓட்டுறேன், உடம்புல ஒரு கீறல் இல்ல" என்பதே அதற்குக் காட்டப்படும் சான்று. இந்த நம்பிக்கை தவறு; உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தவறு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 75,000 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இத்தனை பேரும் தறிகெட்டு ஓட்டியவர்கள் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வண்டியும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியில் குறுக்கிட்டதால் நேர்ந்தவை என்று அது கண்டது. பாதி விபத்துகளில், மோதலுக்குச் சற்று முன் மோட்டார் சைக்கிளின் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அதாவது அடிபட்டவர்களில் பலர் நியாயம் தங்கள் பக்கம் இருந்தவர்கள், பலர் வேகமாகப் போகாதவர்கள். அந்த ஊரின் சாலைகள் வேறுதான். ஆனால் அங்கே தவறியது கண், அது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

விபத்து நடந்த இடத்தில் இரண்டு பேச்சுகள் கேட்கும். "திடீர்னு குறுக்க வந்துட்டான்" என்பார் அடிபட்டவர். "வண்டி வந்ததையே பாக்கலைங்க" என்பார் கார்க்காரர். கூடியிருப்பவர்கள் இரண்டாமவர் பொய் சொல்வதாக நினைப்பார்கள். பல நேரங்களில் அவர் சொல்வது உண்மை. சிறிய உருவம் தொலைவில் இருப்பதாகவும், வந்து சேர நேரமாகும் என்றும் கணிப்பது மனிதக் கண்ணின் இயல்பு. ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில் வரும் பேருந்துக்கு நிற்கிற ஓட்டுநர், மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் புகுந்துவிடுவது அதனால்தான்.

இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு கார் முதன்மைச் சாலைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் வலப்புறம் பார்க்கிறார். அவருடைய முகத்துக்கு மிக அருகே, முன்கண்ணாடியின் வலது ஓரத் தூண் நிற்கிறது. அந்தத் தூண், சற்றுத் தள்ளி வரும் மோட்டார் சைக்கிளை ஆளோடு சேர்த்து மறைத்துவிடப் போதுமானது. கார் நகர நகர, வண்டியும் முன்னேற, இரண்டின் வேகமும் பொருந்திவிட்டால் வண்டி தூணின் மறைவிலேயே வந்துகொண்டிருக்கும். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார், ஆனால் காணவில்லை. அவர் முகம் தன் பக்கம் திரும்பியதைக் கண்டு, "பார்த்துவிட்டார்" என்று நம்பி அதே வேகத்தில் செல்பவர்தான் மாட்டுகிறார். முகத்தை நம்புவதைவிட முன்சக்கரத்தைக் கவனிப்பது மேல். கார் அசையத் தொடங்கியதைச் சக்கரத்தின் சுழற்சி முதலில் காட்டிக்கொடுக்கும். அத்துடன், தெருமுனை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வலப்புறமாக ஓரடி விலகினால், தூணுக்குப் பின்னாலிருந்து வண்டி வெளிப்படும். அந்தப் பக்கவாட்டு அசைவும் கண்ணில் படும்.

விதிப்படி போனால் போதும் என்ற நம்பிக்கைக்குத் துணை நம்பிக்கை ஹாரன். அடித்தால் நின்றுவிடுவார்கள் என்று சந்திப்புகளில் ஒலித்துக்கொண்டே புகுகிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி. ஓட, பாட்டும் போட்டிருக்கும் காருக்குள் ஒரு ஸ்கூட்டரின் ஹாரன் மங்கலாகத்தான் கேட்கும். கேட்டாலும், நூறு ஹாரன்களுக்கு நடுவே எது தனக்கானது என்று தெரிவதில்லை. அதைவிடப் பெரிய தீமை, அடிப்பவரின் விரல் ஹாரனில் இருக்கும் அந்த நொடியில் பிரேக்கின் நினைப்பு வருவதில்லை. ஏப்ரல் 2017 முதல் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி, நல்ல விதி. ஆனால் தூணின் மறைவை விளக்கும் ஊடுருவாது.

மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போய்விடும். குறுக்கே வருவதைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் முன்பே ஒரு பேருந்தின் நீளத்துக்கு மேல் கடந்தாகிவிட்டது. எனவே குறுக்கே வந்த பிறகு சமாளிப்பது என்ற கணக்கு ஒத்துவராது. வரப்போவதை முன்கூட்டியே படிக்க வேண்டும். தெரு அதற்கான தடயங்களை எப்போதும் வைத்திருக்கிறது. நடைபாதை ஓரம் ஒருவர் கையைத் தூக்கினால், முன்னே போகும் ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் எதுவுமின்றி இடப்பக்கம் ஒடித்து நிற்கும். ஆட்டோவைவிட அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும். ஓரமாக நிறுத்திய காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கக்கூடும் என்று கொண்டு, ஒரு கதவின் அகலத்துக்குத் தள்ளிப் போவது நல்லது. மீடியன் இடைவெளி வந்தால் அங்கே யாராவது யு-டர்ன் அடிப்பார்கள், ராங் சைடிலும் ஒருவர் வருவார்.

பேருந்து, தண்ணீர் லாரி ஆகியவற்றின் இடப்புறத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் அமர்வது வலப்புறம். இடப்புறத்தில், முன்சக்கரத்தை ஒட்டிய பகுதி அவருக்கு ஏறக்குறைய இருட்டு. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளே வெட்டி வரும். சிக்னலில் அந்தச் சந்துக்குள் நுழைந்து முன்னால் போய் நிற்பது, நகரத்தில் அன்றாடம் நடக்கும் மிக ஆபத்தான செயல்களில் ஒன்று. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றால், அந்தக் கண்ணாடியில் அவருக்கும் இரு சக்கர வண்டி தெரியாது.

கடைசி இரண்டு நொடிகளைப் பற்றிய மூடநம்பிக்கையும் உண்டு: முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்பது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் நிற்க ஏறத்தாழ இரட்டிப்புத் தூரம் ஆகும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் செய்யும். ஹர்ட் குழு கண்டதும் இதைத்தான்: பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தி வழுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. விழ வைப்பது வெடுக்கென்று பிடிப்பதும், வளைவிலோ மணலிலோ பிடிப்பதும். நேராக ஓடும்போது இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக இறுக்குவது பழகக்கூடிய ஒன்று. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டியதோடு பெரும்பாலோரின் பயிற்சி முடிந்துவிடுவதால், அதை யாரும் பழகுவதில்லை.

அடிபடுபவர் மீதே சுமையை ஏற்றுவது நியாயமா என்ற கேள்வி எழும். நியாயமில்லை. கவனமின்றி ஓட்டுபவர்தான் குற்றவாளி. அலட்சியத்தால் உயிரிழப்பை ஏற்படுத்துபவருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதா 106-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அந்தப் பிரிவு இன்னும் கறாராகச் செயல்பட வேண்டும், தெருமுனைகளை மறைக்கும் விளம்பரப் பலகைகளும் அகல வேண்டும். குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி, யாருடைய எலும்பு உடையும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு நீதிமன்றம் பதில் சொல்லும், பல ஆண்டுகள் கழித்து. மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டி அகப்படாவிட்டால் அதுவும் கிடையாது. இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு தரும் இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு மட்டும் மிஞ்சும்.