இட்லித் தட்டும் ஒரு மாங்கனியும்

ஆனிப் பௌர்ணமியையொட்டி காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறந்து வரும். கீழே நிற்பவர்கள் துண்டையும் முந்தானையையும் விரித்துப் பிடிப்பார்கள். கணவனுக்கு வைத்திருந்த மாங்கனியைப் புனிதவதியார் சிவனடியாருக்குப் படைத்த கதை ஊருக்கே மனப்பாடம். ஆனாலும் வருடாவருடம் கூட்டம் கூடுகிறது. அங்கே யாரும் கதையைச் சும்மா கேட்பதில்லை. பழம் எறிபவரும் பிடிப்பவரும் கதைக்குள்ளேயே போய்விடுகிறார்கள்.

நல்ல வீடியோ கேம் செய்வதும் இதைத்தான். "கேம்னாலே சுடுறதும் வெட்டுறதும்தானே?" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்கள், 'வெண்பா' விளையாட்டை ஒருமுறை பார்க்கலாம்.

கனடாவின் டொரன்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு இது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் என மூன்று பேர்தான் கதை. துப்பாக்கி கிடையாது. அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து விளையாடுபவரே சமைக்க வேண்டும். முதல் சவால் இட்லி. எல்லா இட்லிக்கும் ஆவி போக வேண்டுமென்றால் தட்டுகளை எப்படி அடுக்குவது? நம் வீட்டில் யோசிக்காமல் செய்யும் வேலை, அங்கே ஒரு புதிர்.

அம்மா புட்டு செய்ய நினைத்தால் பையன் பீட்சா கேட்கிறான். வளர வளர அவன் தமிழ் தேய்கிறது. ஒருநாள் அதே நோட்டு அவன் கைக்கு வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான். சினிமாவில் என்றால் அவனுக்காக உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அடுப்பின் முன்னால் திணறுவது நம் கையும்தான். அதனால்தான் ஒன்றரை மணி நேர விளையாட்டு மனசில் தங்கிவிடுகிறது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தது.

காரைக்காலுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. 1954இல் பிரெஞ்சு ஆட்சி விலகியது. பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக் கடல் கடந்த குடும்பங்கள் இங்கே உண்டு. பேரப்பிள்ளைகள் அங்கே பிரெஞ்சு பேசி வளர்கிறார்கள். வீடியோ காலில் பாட்டி "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டால் புரியும். அதற்குமேல் பேச்சு நீண்டால் போன் அப்பா கைக்குப் போய்விடும்.

பாட்டியின் மீன்குழம்புக்கு நோட்டுகூடக் கிடையாது. புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு என்பதெல்லாம் கைப்பதம். அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது.

விடுமுறைக்குப் பேரன் வரும்போது 'வெண்பா'வை அவனோடு உட்கார்ந்து விளையாடுங்கள். இட்லித் தட்டை அவன் தப்பாக அடுக்கினால் பாட்டி சொல்லித் தரட்டும். முடித்த கையோடு இருவரும் அடுப்படிக்குப் போகட்டும். புளியைப் பேரன் கரைக்க, "போதும்" என்று பாட்டி சொல்லட்டும்.

அந்தப் 'போதும்' எப்போது என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டால், நோட்டு கிழிந்தாலும் கவலையில்லை.